இடது பிடி

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி வீடியோ கேம் கடைக்குள் நுழைந்ததே கணவனை ஒரு பிடி பிடிக்கத்தான். வேலையில் விழுந்து இடது கையில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து மனுஷனுக்கு வீட்டில் கால் தரிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். இவளும் பேச்சை விட்டுவிட்டாள்.

மதிய வெயில் வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே நீல இருட்டு. கடைசி மெஷினில் அவர் நின்றிருந்தார். திரையில் ஒரு குட்டி மனிதன் ஜன்னல் ஜன்னலாகப் பற்றி ஒரு கட்டடத்தில் ஏறப் பார்த்தான். மெஷினில் வலது கைக்கு ஒரு பிடி, இடது கைக்கு ஒரு பிடி. மாற்றி மாற்றி அசைத்தால்தான் ஏறுவான். இவரோ ஒற்றைக் கையால் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஒன்று படாரென்று சாத்திக்கொள்ள, குட்டி மனிதன் விழுந்தான்.

"இதுக்குத்தான் தினமும் வர்றீங்களா?"

"ரெண்டாவது மாடியக்கூடத் தாண்ட முடியல," என்றார், திரும்பாமலே.

திட்ட வந்தவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது பிடியைப் பற்றினாள்.

"தள்ளி நில்லுங்க. எப்படின்னு சொல்லுங்க."

"நான் மேல தள்றப்ப நீ கீழ இழு. அப்புறம் மாத்து."

முதலில் எல்லாம் ஏடாகூடம்தான். "ஐயோ, அவசரப்படாதீங்க!" "நீதான் தூங்குறே!" பிறகு, தையல் மெஷின் மிதித்துப் பழகிய அவள் உடம்பு தானாகவே தாளம் பிடித்துக்கொண்டது. மேல் ஜன்னலிலிருந்து யாரோ ஒருவன் பூந்தொட்டியைத் தூக்கிப் போட்டான். இருவரும் ஒன்றாக ஒதுங்கினார்கள். தெரு எப்போதோ மறைந்துவிட்டது. கடையின் இரைச்சலும் எங்கோ அடியில் தங்கிவிட, கழுத்தோரம் சில்லென்று காற்று படுவதுபோல் இருந்தது அவளுக்கு. ஜன்னலுக்கு மேல் ஜன்னல். அப்புறம் வெறும் வானம்.

"விழறப்ப நான் கீழ பாத்துட்டேன்," என்றார் அவர், மெதுவாக. "இப்போ ஏணியப் பாத்தாலே கால் நடுங்குது. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் பிடியை நிறுத்தவில்லை. "இப்படித்தான். சொல்லிட்டீங்கல்ல?"

உச்சியில் ஒரு ஹெலிகாப்டர் ஆடி ஆடி வந்தது. குட்டி மனிதன் எட்டிப் பிடித்துத் தொங்கினான். கட்டடம் சிறுத்துக்கொண்டே போய்க் காணாமல் போனது. விட்டால் தானும் விழுந்துவிடுவோமோ என்று அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

அடுத்த கட்டடம் வந்து நின்றது. அவர் பிடி அசையவில்லை.

"கண்ணைத் துடைச்சுக்குங்க," என்றாள். "இல்லேன்னா ஜன்னல் தெரியாது."