வேகம் என்று சொல்லிச் செய்த மேசைகள்

"ஒரே வார்த்தையில சொல்லுங்க சார், உங்க கடைன்னா என்ன?" என்று தச்சர் கேட்டார்.

"வேகம்" என்றார் கூரியர்காரர்.

"சரி, வர்றவங்க உட்கார?"

"உட்கார வச்சுட்டு வேகம்னு போர்டு மாட்டினா ஊர் சிரிக்காதா?"

பதினாறு வருடம் கழித்தும் அந்தப் பேச்சு கூரியர்காரரின் மனைவிக்கு வரி மாறாமல் நினைவிருந்தது. மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட இரண்டு நாற்காலி கேட்கலாமென்று அன்று வாயெடுத்தாள். அதற்குள் கணவர் அடுத்த வேலைக்குக் கிளம்பியிருந்தார்.

கவுண்டரும் மேசைகளும் ஆரஞ்சு நிறத்தில், ஓடக் கிளம்புகிறவன்போல முன்பக்கம் சாய்ந்து வந்து இறங்கின. மறுவாரமே நகரத் தொடங்கின. ஒரு நாளைக்கு ஒரு சாண், வாசலை நோக்கி. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவற்றை உள்ளே தள்ளி வைப்பது மனைவியின் வேலையானது. வாடிக்கையாளர்கள் படிவம் எழுதிக்கொண்டே கூடவே நகர்ந்தார்கள். மழைநாளில் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாம் வருடம் அந்த நகர்வு கூரியர்காரரையும் தொற்றியது. நின்றால் கால் தானாக எட்டு வைத்தது. சாப்பாட்டுத் தட்டோடு தெருமுனை வரை போய், கை கழுவத் திரும்பி வந்தார். மகளின் கல்யாணப் போட்டோக்களில் அவர் ஒரு சட்டைக்கையாக மட்டுமே விழுந்தார். "உங்கப்பாவை ஸ்டாம்ப் ஒட்டித்தான் வரவழைக்கணும் போல" என்று மாப்பிள்ளை கேலி செய்தான். மகள் சிரிக்கவில்லை.

முட்டி தேய்ந்து மேசைகளைத் தள்ள முடியாமல் ஆன வருடம், மனைவியே தச்சரிடம் போனாள்.

"ரெண்டு பேர் உட்கார ஒரு பெஞ்சு வேணும்ண்ணே."

"வேகத்துக்கு அது ஒத்து வராதேம்மா."

"அது அவர் சொன்ன வார்த்தை."

"அப்ப உங்களுக்கு அந்தக் கடைன்னா என்ன?"

அவள் யோசிக்கவே இல்லை. "காத்திருக்கிறது."

தச்சர் அதையும் குறித்துக்கொண்டார்.

பெஞ்சை இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். வாசலில் போட்டதும், நகர்ந்து வந்த கவுண்டர் அதில் முட்டி நின்றது. மேசைகள் கவுண்டரில் முட்டி நின்றன. மத்தியானம் பார்சலோடு தெருவிலிருந்து விரைந்து வந்த கூரியர்காரரும் முட்டி நின்றார். கால்கள் மட்டும் இருந்த இடத்திலேயே எட்டு வைத்துக்கொண்டிருந்தன. அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் அதைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வெளியே வரிசை நின்றது; யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் ஓரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தை உள்ளங்கையால் துடைத்தாள்.

"கொஞ்ச நேரம் எங்கூட உட்காருங்களேன்" என்றாள்.