திங்கட்கிழமைக்குள் மூன்று முருங்கை

வெள்ளிக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் ஜெயலட்சுமி அங்கன்வாடிப் படி ஏறாமலே பேசிவிட்டுப் போனார்.

"திங்கக்கிழமை வருவேன். அந்த மரத்துல ஒத்தப் புழு இருந்தாலும் சென்டர் பந்த். பிள்ளைங்களை அடுத்த சென்டர்ல சேத்துக்கலாம்."

அடுத்த சென்டர் பத்து கிலோமீட்டர். திக்லிபூர் டவுனிலிருந்து அந்தத் தீவுக் கிராமத்துக்கு வரும் ஒரே பஸ் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. எந்தத் தாய் நாலு வயதுப் பிள்ளையை அதில் ஏற்றுவாள்? இருபத்திரண்டு பிள்ளைகளின் மத்தியானச் சோறும், அதை ஆக்கிப்போடும் செலினின் வேலையும் அங்கன்வாடி முற்றத்து முருங்கை மரங்கள் மூன்றிலும் மாட்டிக்கொண்டு நின்றன.

மரங்களில் கம்பளிப்பூச்சி. இருட்டியதும் மேலே ஏறி இலையைத் தின்னும். விடிந்ததும் இறங்கி வந்து அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, சோற்றுத் தட்டு அகலத்துக்கு அப்பிக் கிடக்கும். வியாழக்கிழமை அதில் கை வைத்த ஒரு குட்டிப் பெண்ணுக்குக் கழுத்துவரை தடித்துப்போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

செலினின் மகள் ஷெர்லின் விலங்கியல் பட்டதாரி. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாகியும் வேலை வரவில்லை. கோபம் மட்டும் தவறாமல் வந்தது. வெள்ளிக்கிழமையே இரண்டு ஆபீஸுக்குப் போன் போட்டாள். மரம் எங்கள் பொறுப்பு இல்லை என்றது ஒன்று. பூச்சி எங்கள் பொறுப்பு இல்லை என்றது மற்றது.

"அப்ப பிள்ளைக்கு வந்த தடிப்பு யார் பொறுப்பு சார்?" என்று கேட்டாள். லைன் கட்டாகிவிட்டது.

அவள் அப்பா வேதநாயகம் பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "மூணையும் வெட்டிப் போட்டா சோலி முடிஞ்சுது."

"மரம் விழுற வேகத்துல பூச்சியோட சுணைமுடியெல்லாம் பறக்கும்ப்பா. ஊரே சொறியும். பிள்ளைகளுக்குப் போடுற கீரையும் இந்த மரத்துலதான இருக்கு?"

"அப்ப நீ என்னதான் செய்யப் போற?"

அவள் யோசித்து முடிப்பதற்குள் அண்ணன் ஜெனிஷ் முந்திக்கொண்டான். சனிக்கிழமை காலையில், படகு கழுவும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"வேண்டாம்ணே. சொன்னாக் கேளு."

"அரே ஹட், தள்ளு! பாஞ்ச் மினிட் கா காம், அஞ்சே நிமிஷ வேலை. படிச்சா மட்டும் போதுமா, கையி வேணும்ட்டி."

மரத்தில் தண்ணீரைப் பீய்ச்சினான். பாதிப் பூச்சி முற்றமெங்கும் சிதறியது. சுணை சாரலோடு ஏறி, பக்கத்து வீடுகளில் காயப்போட்ட துணியிலும் வலையிலும் ஜெனிஷின் கழுத்திலும் இறங்கியது. சாயங்காலம் அந்த வரிசையில் சொறியாத ஆள் இல்லை. வைதவர்களும் ஜெனிஷை வையவில்லை. "பூச்சிப் படிப்பு படிச்ச பிள்ள வீட்டுலேயே இந்தக் கூத்து" என்றார்கள். ஷெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வேலையில் இறங்கினாள். அப்பாவின் மழைக்கோட்டு, ரப்பர் கையுறை, டூரிஸ்டுகள் கடலுக்குள் மீன் பார்க்கப் போடும் கண்ணாடி மாஸ்க்.

எதிர்க்கடை உதயசூரியன் சிரித்தார். "என்ன ஷெர்லின், மரத்துல மீன் புடிக்கப் போறியா?"

"ஆமாண்ணே. மாட்டுனா முதல் மீன் ஒங்களுக்குத்தான். சிரிச்சு முடிச்சிட்டு ஒரு சோப்புத்தூள் பாக்கெட் குடுங்க."

குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். டிரம்மில் பாதிதான் இருந்தது. "குடிக்கிற தண்ணிட்டி" என்று செலின் குறுக்கே நின்றாள்.

"ரெண்டு பாட்டில் போதும்மா. பூச்சியைக் கொல்லக் கடல்தண்ணி இருக்கு."

வாளியில் கடல்நீரை நிரப்பி, மேலே ஏடு கட்டுமளவுக்குப் படகு டீசலை ஊற்றினாள். சோப்புத் தண்ணீரை மூடியில் துளை போட்ட பாட்டிலில் நிரப்பி, பூச்சிக் கொத்தின்மேல் மெல்லப் பூத்தூறலாக அடித்தாள். நனைந்த சுணை பறக்காது. பிறகு காய்ந்த தென்னம்பாளைத் துண்டால் மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் வழித்தாள். கொத்துக் கொத்தாக வாளிக்குள் விழுந்தன. நெளிந்தன. டீசலில் அடங்கின.

மத்தியானத்துக்குள் இரண்டு மரம் முடிந்தது. மூன்றாவதில் கொத்து உயரத்தில், கவட்டையில் இருந்தது. ஏணி ஆடியது. வேதநாயகம் வந்து பிடித்துக்கொண்டார். கையுறைக்கும் கோட்டுக்கும் நடுவில் மணிக்கட்டில் ஒரு பூச்சி விழுந்தது. நெருப்பை வைத்தாற்போல் இருந்தது.

"இறங்கு பிள்ள, போதும்."

"இன்னும் ஒரு கொத்துப்பா. ஏணியைப் பிடிங்க."

இறங்கியபின்னும் விடவில்லை. ஜெனிஷ் சிதறடித்தவை சுவரிலும் கக்கூஸ் கதவிலும் ஏறியிருந்தன. இடுக்கியோடு பொழுது சாயும்வரை தேடினாள். முற்றத்துக்கு வெளியே குழி வெட்டி எல்லாவற்றையும் மூடினாள். இலைகளில் தங்கியவை விடியலில் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். திங்கள் காலை ஐந்து மணிக்கு மறுபடி போய் நின்றாள். பதினொன்று வந்தன. பதினொன்றும் வாளிக்குப் போயின.

பத்து மணிக்கு ஜெயலட்சுமி வந்தார். வந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் செலினிடம் நீட்டினார். சென்டரைப் பூட்டும் உத்தரவு. கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

ஷெர்லின் தாளை வாங்கிப் படித்தாள்.

"மரத்தைப் பாக்காமலே கையெழுத்தா மேடம்?"

"எனக்கு நாலு சென்டர் பாக்கணும்மா. டைம் இல்ல."

"இதைப் பாருங்க. வாங்க, இந்த மரத்தடியில அஞ்சு நிமிஷம் நில்லுங்க. ஒண்ணு விழுந்தா நானே பூட்டுறேன்."

"ஏட்டி, சும்மா இரு" என்று செலின் முணுமுணுத்தாள்.

ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயலட்சுமி போய் நின்றார். கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். மூன்று மரத்தையும் சுற்றி வந்தார். பட்டை சுத்தமாக இருந்தது. ஷெர்லினின் வீங்கிய மணிக்கட்டையும் பார்த்தார்.

"சரி. இப்போதைக்குச் சென்டர் இருக்கட்டும். பிள்ளைங்க வரலாம்."

"வாயால சொன்னாப் போதாது மேடம். நாளைக்கு வேற யாராவது வந்து இந்தத் தாளைக் காட்டுவாங்க. இதுமேலேயே எழுதிக் குடுங்க."

"திமிரா பேசுறியே."

"ஆமா மேடம். எழுதுங்க."

ஜெயலட்சுமி தாளைச் சுவரில் வைத்து, உத்தரவின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தேதி, மேடம்."

தேதியும் விழுந்தது. செலின் உலை வைக்க உள்ளே போனாள்.