அண்ணன் நூற்ற நூல்

சிறையிலிருந்து அண்ணனின் நூல் வந்தபோது இயக்க அலுவலகமே கண்கலங்கிவிட்டது. ஓரிடத்தில் கயிறு மாதிரி, ஓரிடத்தில் தலைமுடி மாதிரி, எங்கே தொட்டாலும் முடிச்சு. "விரலை அடிச்சு உடைச்சிருக்காங்கம்மா" என்றார் செயலாளர், அண்ணியிடமும் என்னிடமும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் விரல் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அந்நியத் துணியை விட்டொழித்து, உடுத்துவதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இயக்கத்தின் கொள்கை. சந்தாகூடக் காசாக இல்லை, அவரவர் கையால் நூற்ற நூல்தான். மேடையில் அண்ணன் பேசினால் ஊரே உருகும். ராட்டைக்கும் அவருக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம். மாதாமாதம் அண்ணிதான் நூற்றுக் கொடுத்தாள். அந்த நூலைச் செயலாளர் சுவரில் மாட்டி, "கைன்னா இதுதான்யா கை" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தோம். யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

இப்போது அண்ணன் இடத்தில் உட்கார்ந்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அண்ணி நூற்க வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நூற்றால் கையே காட்டிக்கொடுத்துவிடும். கூட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் கெஞ்சினேன்.

"நாலு இடத்துல அறுத்து விட்டுடுங்க அண்ணி. அண்ணன் உள்ள இருக்கிற நேரத்துல மானம் போயிடக் கூடாது."

"பார்க்கலாம்" என்றாள். அண்ணி 'பார்க்கலாம்' என்றால் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது.

முதல் இழை அறுந்தது. எனக்கு மூச்சு வந்தது. இரண்டாவதும் அறுந்தது. "பாவம், வீட்டுக்காரர் நினைப்பு" என்றது பின்னால் ஒரு குரல். அண்ணி நிமிர்ந்து சுவரிலிருந்த நூலைப் பார்த்தாள். பிறகு, மேசையில் கிடந்த அந்த முடிச்சுக் குவியலை. அதன்பின் நூல் அறுபடவில்லை. மெல்லிசாக, சீராக வந்துகொண்டே இருந்தது. செயலாளர் குனிந்து பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"ஆமாங்க, செவுத்துல இருக்கிறதெல்லாம் என்னோடது" என்றாள் அண்ணி. "அவர் விரலுக்கு ஒண்ணும் ஆகலை. அவரா நூத்தது இது ஒண்ணுதான். மாட்டறதுன்னா இதை மாட்டுங்க."

அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. அவள்மேல் கோபம்கூட வந்தது. செயலாளர் எதையும் மாட்டவில்லை; எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அண்ணி அண்ணனின் நூலை மடியில் போட்டு, ஒரு நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். முடிச்சு, கயிறு, மறுபடியும் முடிச்சு. ஓரிடத்தில் கை நின்றது. "இங்க பாரேன்" என்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள்.

ஒரு முழம் இருக்கும். ஒரு பிசிறுகூட இல்லாமல் ஓடியது.