ரிட்டர்ன் மாவு

சுகுமார் என் கணவரின் தம்பி. அவனை நம்பித் தொழில் ஆரம்பித்தேன் என்று சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். வேலையை விட்டு, செம்பாக்கத்தில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். பாக்கெட்டுக்கு ஏதாவது சாமி பெயர் வை என்றார்கள் வீட்டில். நான் கேட்கவில்லை. மாவு கெட்டுப்போனால் என்னைத் திட்டட்டும், சாமியை ஏன் இழுக்க வேண்டும் என்று என் பெயரையே போட்டு 'சுப்ரஜா மாவு' என்று அச்சடித்தேன். அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

அரைப்பது நான். கடைகளுக்குப் போடுவது சுகுமார். விற்காமல் நாள்பட்ட பாக்கெட்டுகளைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரிட்டர்ன் என்போம். "அதெல்லாம் மாட்டுக்காரர் எடுத்துட்டுப் போயிடறார் அண்ணி" என்பான். நானும் மண்டையை ஆட்டுவேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்குப் போன பிறகுதான் செல்போனை மறந்தது ஞாபகம் வந்தது. ஷெட்டுக்குத் திரும்பினேன். சுகுமார் தரையில் உட்கார்ந்து, உப்பிப்போன ரிட்டர்ன் பாக்கெட்டுகளைக் கத்தரித்து, நான் காலையில் அரைத்து வைத்த மாவில் பிழிந்துகொண்டிருந்தான். ஒரு பாக்கெட்டில் ரோஸ் நிறத்தில் பூஞ்சை. அதை விரலால் வழித்துச் சுவரில் தேய்த்தான். மிச்சத்தை டிரம்முக்குள் விட்டு, அதே கையால் கலக்கினான்.

"என்னடா பண்ற?"

நிமிர்ந்தான். முகத்தில் துளி வெட்கம் இல்லை. "எல்லாரும் பண்றதுதான் அண்ணி. தயிருக்கு உறை ஊத்தறோம்ல, அந்த மாதிரி. சீக்கிரம் பொங்கும்."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்தே. நீங்களும்தானே சாப்பிடறீங்க? ஒண்ணும் ஆகலையே."

ஆமாம், சாப்பிட்டேன். என் பெண் சினேகாவுக்கு டிபன் பாக்ஸில் கட்டியும் கொடுத்தேன். சீ, இதற்கா கெமிஸ்ட்ரி படித்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவனைக் கேட்டேன். "அண்ணிக்கு பிசினஸ் பண்ணத் தெரியல" என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே கிளம்பினான். அவ்வளவு மாவையும் சாக்கடையில் கொட்டினேன். டிரம்மை வெந்நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை எரிந்ததே தவிர, அருவருப்பு போகவில்லை. மறுபடி ஊறவைத்து அரைத்து, நானே கடைகளில் கொண்டுபோய்ப் போட்டேன்.

அடுத்த நாளே ராஜகீழ்ப்பாக்கம் கடைக்காரர் தயாளன் போன் செய்தார். என் மாவு அதிகம் போவது அவர் கடையில்தான்.

"இன்னாக்கா, மாவுல இன்னா பண்ண? டேஸ்டே இல்லன்னு கஸ்டமருங்க பேஜார் பண்றாங்க."

"இதுதான் நல்ல மாவு அண்ணா. புளிப்பு வேணும்னா கொஞ்ச நேரம் வெளிய வைக்கச் சொல்லுங்க."

"அதுக்கு யாருக்குக்கா டைம் கீது? பழைய மாவே போடு. உன் பேரைச் சொல்லி கேட்டு வாங்கினு போவாங்க, தெரியுமா?"

பழைய மாவு என்ன மாவு என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் நாறப்போவது சுகுமார் இல்லை, பாக்கெட்டில் இருக்கும் நான். வாயை மூடிக்கொண்டேன். என் மேலேயே எனக்குக் கூசியது.

"இனிமே இந்த மாவுதான் வரும்" என்றேன்.

"அப்ப வேணாம்க்கா" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த மாவில் தோசை வார்த்தேன். சினேகா ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "எப்பவும் பண்ற தோசை வேணும்மா."

வந்ததே கோபம் எனக்கு. "இதுக்கு என்னடி குறைச்சல்?" என்று அவள் தட்டிலிருந்தே பிய்த்து வாயில் போட்டேன். மென்றேன். சப்பென்று இருந்தது. இன்னொரு வாய் போட்டேன். என் நாக்கும் அந்தப் பழைய புளிப்பைத்தான் தேடியது.

ஓடிப்போய் சிங்க்கில் துப்பினேன்.