தூமானின் ஈர முதுகு

மார்ப்பா அன்று காலை செய்தது தவறு என்று அவளுக்கே தெரியும். வடக்குப் பனிநாட்டில் குதிரை வளர்க்கும் சாகா இனத்து வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். மேய்ச்சலிலிருந்து பிடித்து வந்த குதிரையை மூன்று நாள் கம்பத்தில் கட்டிப்போட வேண்டும். மாலையில் ஒரு கைப்பிடிப் புல், அவ்வளவுதான். வயிறு ஒட்டி, கொழுப்பு இறுகி, தளதளப்பெல்லாம் போன பிறகுதான் அதன்மேல் சேணம் ஏறலாம். கொழுத்த குதிரையை அப்படியே ஓட்டினால் வியர்க்கும். ஐம்பது டிகிரியில் வியர்த்த குதிரை நின்றுவிட்டால் பிழைக்காது. நனைந்த மயிர் உறைந்து, குளிர் நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும். ஐம்பது என்றால் சுழியத்துக்குக் கீழேதான். இங்கே ஜனவரி மாதத்தில் அதை வேறு தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தூமான் கம்பத்தில் நின்று இரண்டு இரவுதான் ஆகியிருந்தது. புகை நிறம், காயடித்த குதிரை, ஆறு வயது. அந்தக் குளிர்காலத்தில் மார்ப்பாவிடம் ஏறிப் போக இருந்த ஒரே குதிரை அதுதான்.

அவள் புருஷன் கவ்ரில் இடுப்பெலும்பு முறிந்து நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வசந்தம் வரைக்கும் வர மாட்டான். ஆற்றுக்கு அக்கரையில் பதினெட்டுப் பெண் குதிரைகள் பனியைக் குளம்பால் தோண்டிப் புல் தின்றுகொண்டிருந்தன. பாதிக்கு மேல் சினை. அவற்றோடு கிழவன் என்று பேர் வைத்த ஒரு பொலிக்குதிரை. இத்தனையும் மார்ப்பா பொறுப்பு. கொழுந்தன் தெரென்தேய்க்கு அது பொறுக்கவில்லை. அன்று காலை தேநீர் குடிக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, அக்கரையில ஓநாய்த் தடம் கெடக்கு. ரெண்டு இருக்கும். நாளைக்கு நான் வண்டியில ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு? உன் பனிவண்டி எஞ்சின் போடற கூச்சல்ல சினைக் குதிரை கருக்கலையவா?"

"அப்ப எதுல போவீங்க? தூமான் இன்னும் கம்பத்துலல்ல நிக்கிது. பேசாம என் மந்தையோட சேத்துடலாம் அண்ணி. இன்னிக்கே அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன். இது என்ன, அடுப்புல பால் பொங்காமப் பாத்துக்கற வேலையா?"

"நீ முதல்ல உன் மூக்கு ஒழுகாமப் பாத்துக்கோ. நான் இன்னிக்கே போறேன்."

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு பின்வாங்கினால் மார்ப்பா மார்ப்பாவா? அவன் போனதும் அப்பத்தில் வெண்ணெய் தடவி ஒரு துண்டை அடுப்புத் தீக்குக் கொடுத்தாள். பயணம் போகிறவர்கள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தீயிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவள் அக்கரைக்கு என்று சொன்னாள், ஓநாய் என்று சொன்னாள். தூமானை ஒரு நாள் முன்னதாக அவிழ்க்கப்போவதை மட்டும் சொல்லவில்லை.

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தாள். போகும்போது மெதுவாகத்தான் போனாள். ஆற்றைக் கடந்து, வளைவைச் சுற்றி, ஒன்பது கிலோமீட்டர் நடை. நடுவில் இரண்டு முறை இறங்கி, தூமானின் நாசியில் கட்டியிருந்த பனிக்கட்டியை வெறும் விரலால் உடைத்து எடுத்துவிட்டு, விரலை வாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள். சூரியன் காட்டு விளிம்பில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. மூச்சு வெளியே வந்ததும் உறைந்து காதோரம் சரசரத்தது.

வெட்டவெளிக்கு வந்தபோது மந்தை ஓடிக்கொண்டிருந்தது.

மர விளிம்பில் இரண்டு சாம்பல் உருவங்கள். மந்தை ஓடிய திசையைப் பார்த்ததும் மார்ப்பா சேணத்தில் நிமிர்ந்தாள். நேரே ஆற்றின் கிளைக்கு. அங்கே பனிக்கட்டி பிளந்து, மேலே கிடக்கும் பனிக்கு அடியில் தண்ணீர் பரவிக் கிடந்தது. பார்த்தால் வெள்ளை மைதானம். காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் நீர். சினைக் குதிரைகள் அதில் இறங்கினால் கால் நனைந்து, குளம்போடு பனிக்கட்டி கோத்து, ஓநாய்க்கு வேலையே இருக்காது.

யோசிக்க நேரமில்லை. தூமானை உதைத்து விரட்டினாள். வயிறு தட்டும் பனியில் அந்தக் கொழுத்த குதிரை பாய்ந்தது பாய்ச்சல். கிளையின் கரைக்கும் மந்தைக்கும் நடுவே குறுக்கே விழுந்து, தொண்டை கிழியக் கத்தி, முதுகில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டாள். கிழவன்தான் முதலில் திரும்பியது. அது திரும்பியதும் மொத்த மந்தையும் திரும்பியது. மர விளிம்பில் இருந்த உருவங்கள் காணாமல் போயின.

ஜெயித்துவிட்டாள். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. காலுக்குக் கீழே தூமான் கொதிக்கிற பானையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கழுத்து, விலா, பின்முதுகு எல்லாம் கருத்து நனைந்திருந்தன. குளிர்காலத்தில் நன்றாக இருக்கிற குதிரையின் முதுகு வெள்ளையாக இருக்க வேண்டும். உள்சூடு வெளியே கசியாததால் மேலே உறைபனி உருகாமல் அப்படியே நிற்கும். முதுகு கருப்பாக இருந்தால் உயிர் வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

குதித்து இறங்கினாள். வாரைத் தளர்த்தி, கடிவாளத்தைப் பிடித்து நடத்தத் தொடங்கினாள். நடக்க வேண்டும். முதுகு வெளுக்கும் வரை, நிற்காமல், வேகமும் இல்லாமல் நடக்க வேண்டும். அரை கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். தூமான் நின்றுவிட்டது.

"வாடா. வா ராசா. நிக்காத."

தூமானின் கால்கள் நடுங்கின. இழுத்தாள், அசையவில்லை. பின்னால் போய்த் தோளால் முட்டித் தள்ளினாள். கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் சவுக்கால் அடித்தாள். அடித்ததற்கு அழுதாள். கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. வயிற்றோரத்து மயிர் நுனிகளில் பனிமணி கோக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கால் மணி நேரம் இப்படியே நின்றால் போதும். என் வாய்க்கொழுப்புக்கு இது சாகப்போகிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் கிழவன் வந்தது.

மந்தையை விட்டுத் தனியே, காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, தலையைப் பனி தொடத் தாழ்த்தி வந்தது. தூமான் இந்த மந்தையில் பிறந்ததுதான். இரண்டு வயதில் கிழவனே அதைக் கடித்துத் துரத்திவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் கிட்டே சேர்த்ததில்லை. மார்ப்பா சவுக்கை ஓங்கினாள். கிழவன் நிற்கவில்லை. அதன் மார்பெல்லாம் பனிச்சடை. நெற்றிமயிர் உறைந்து கண்ணை மறைத்திருந்தது. கண் தெரியாத ஒன்று தன்னை முழுக்கப் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. கை தானாகக் கீழே இறங்கியது.

என்ன தோன்றியதோ, சேணத்தைக் கழற்றினாள். அடியில் இருந்த மான்தோல் விரிப்பை மட்டும் முதுகுச் சூடு போகாதபடி கச்சையால் இறுக்கிக் கட்டினாள். கடிவாளத்தை உருவிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கிழவன் தூமானின் பிட்டத்தில் ஒரு கடி கடித்தது. தூமான் துள்ளி நான்கடி நகர்ந்தது, நின்றது. மறுபடி ஒரு கடி. மறுபடி நான்கடி. துரத்திவிடத்தான் போகிறது என்று நினைத்தாள். கிழவன் அதை வெளியே துரத்தவில்லை, மந்தைக்குள் தள்ளியது. பெண் குதிரைகள் விலகி இடம் விட்டு, பிறகு இரண்டு பக்கமும் நெருங்கிக்கொண்டன. கிழவன் பின்னால் போய், தலையைத் தாழ்த்தி, மொத்தத்தையும் காட்டுப் பக்கம் ஓட்டத் தொடங்கியது. ஓட்டம் கிடையாது. நடை. எது நின்றாலும் அதற்கு ஒரு கடி.

மார்ப்பா சேணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கொஞ்ச தூரத்தில் கனம் தாங்காமல் அதை ஒரு மரக்கிளையில் மாட்டிவிட்டாள். இருபது உடம்புகளின் ஆவி மேலே எழுந்து மேகமாகி, அந்த மேகம் மந்தையோடு கூடவே நகர்ந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பனியோடு உடையும் குளம்புச் சத்தம் மட்டும். தாழ்ந்த வெயில் பட்டு மேகம் முழுதும் செம்பு நிறமானது. இந்த ஆற்றோரத்தில் நாற்பத்தொரு வருஷம் வாழ்ந்தவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. கோயிலில் நிற்பதைப் போன்ற பயம். தான் அங்கே ஒரு பொருட்டே இல்லை என்பது அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

மேகம் விலகும்போதெல்லாம் தூமானைத் தேடினாள். முதலில் கழுத்து வெளுத்தது. அப்புறம் விலா. பின்முதுகில் கையகலக் கருப்பு மட்டும் போக மாட்டேன் என்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், காட்டின் மறைவில் கிழவன் தலையை நிமிர்த்தியது. மந்தை நின்றது. தூமானைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மான்தோல் விரிப்பிலும் உறைபனி பூத்து, மற்றவற்றைப் போலவே அதுவும் வெள்ளையாக நின்றது.

கிழவன் இரக்கப்பட்டதா, தன் மந்தைக்குள் நின்ற எதையோ வழக்கப்படி ஓட்டியதா, யார் கண்டார்கள். மார்ப்பா பனியில் மண்டியிட்டு அதைக் கும்பிட்டாள். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தூமான் வரும். வந்தால் அது மறுபடி ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவள் கூப்பிடவில்லை. கடிவாளத்தைச் சுருட்டி மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.

தூரத்தில் பனிவண்டிச் சத்தம் கேட்டது. தெரென்தேய் அவள் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். மந்தை மிரளாத தூரத்தில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி இறங்கியவன் முகம் பேயறைந்தமாதிரி இருந்தது.

"அண்ணி, எங்க கெடக்கு?"

"எது?"

"சேணத்த மரத்துல பாத்தேன். தூமான் எங்க விழுந்து கெடக்குன்னு கேக்கறேன்."

மார்ப்பா கையை நீட்டிக் காட்டினாள். அவன் எண்ணினான். இன்னொரு முறை எண்ணினான்.

"கிழவன் உள்ள விட்டுச்சா?"

"விடல. அதுவே தள்ளிட்டுப் போச்சு. நான் ரெண்டாம் நாளே அவுத்துட்டேன் தெரென்தேய். உன்கிட்ட வாய் விட்டுட்டேன், அந்த வீம்புக்கு. இது நனைஞ்சு நின்னுடுச்சு. நான் கொன்னுட்டேன்னுதான் நெனச்சேன். கிழவன்தான் நடத்திக் காய வெச்சுது."

ஒரு நக்கல் வரும் என்று காத்திருந்தாள். தெரென்தேய் திரும்பிப் போய் வண்டிச் சாவியைத் திருகினான். எஞ்சின் அணைந்தது. அந்தக் குளிரில் அணைத்த எஞ்சின் திரும்பக் கிளம்பாது. ஊரில் லாரிகள்கூட ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டேதான் நிற்கும்.

"டேய், பைத்தியமா உனக்கு? எப்படிடா வீடு போறது?"

"நடப்போம்" என்றான். "கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமக் கேக்கணும்."

இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். குளம்புகள் பனியைத் தோண்டின. புல் அறுபடும் சத்தம் தனியாகக் கேட்டது. ஒரு சினைக் குதிரை பெருமூச்சு விட்டது. தெரென்தேய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் காது நுனி குளிரில் உறைந்து வெளுப்பதை மார்ப்பா பார்த்தாள்.

"என் செவலைக் குதிரைய ஓநாய் அடிச்சுதுன்னு ஊரெல்லாம் சொன்னேன்ல" என்றான் அவன், மந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஓநாய் எதுவும் வரல அண்ணி. இதேமாதிரி ஒரு நாள் முன்னாடி அவுத்தேன். நனைஞ்சு நின்னுச்சு. பக்கத்துல நானும் நின்னுட்டிருந்தேன். அதை நடத்த அங்க யாருமே வரல."

மார்ப்பா அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவன் தலையில் வைத்து, காது மறைய இழுத்துக் கட்டிவிட்டாள். பிறகு இருவரும் ஊர்ப் பக்கம் நடந்தார்கள்.