சேஷம்மாள் வீட்டு எலி

கல்பாத்தி அக்கிரகாரத்தில் பெயர்கள் சாவதில்லை. தாத்தாவின் பெயர் மூத்த பேரனுக்கு, பாட்டியின் பெயர் மூத்த பேத்திக்கு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தெருமுனையில் நின்று "வெங்கிடேஸ்வரா!" என்று குரல் கொடுத்தால் ஏழெட்டு வாசல்களில் தலைகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் ஒன்று நரைத்திருக்கும், ஒன்று பல் முளைக்காததாக இருக்கும்.

அந்தச் சுற்றில் சேஷம்மாளின் பெயருக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. அவளுக்குக் குழந்தைகள் இல்லை. பம்பாயிலிருந்த நாத்தனார் மகன், "பொண்ணு பொறந்தா மாமி பேருதான்" என்று கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். பெண்ணும் பிறந்தது. பிங்கி என்று பெயர் வைத்தான். சேஷம்மாள் முகம் சுளிக்காமல் வெள்ளிக் கிண்ணம் வாங்கி அனுப்பினாள். பிங்கிக்காக அர்ச்சனை செய்யச் சொன்னபோது குருக்களுக்குத்தான் நாக்கு புரளவில்லை.

அதன்பிறகு சேஷம்மாள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. விடிந்ததும் குளித்து, வீட்டைத் துடைத்து, கோலம் போட்டு, விசுவநாத ஸ்வாமியைச் சேவித்துவிட்டு வந்து மறுபடியும் வீட்டைத் துடைப்பாள். அவள் வீட்டுத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம் என்று தெருவில் சொல்வார்கள். அவள் கணவர் வெங்கிடேஸ்வரன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வது மட்டும் அவருடைய உதவி.

அடுத்த வீட்டு முத்துசுவாமி காலேஜில் தாவரவியல் வாத்தியார். ஒரு நாள் கொல்லைப்புறத்தில் அவர் ஒரு மண்தொட்டியைக் குழந்தையைப் போலச் சுமந்துகொண்டு நிற்பதைச் சேஷம்மாள் பார்த்தாள். தொட்டியில் இலையே இல்லாத, விரல் தடிமனில் பச்சைப் பச்சையாய், நாலு பட்டை வைத்த தண்டுகள் நாலைந்து நின்றன.

"எந்தாக்கும் இது, முத்து? கள்ளியா?"

"பாத்தா கள்ளி மாதிரி இருக்கும் மாமி. ஆனா கள்ளியில்லை. தண்ணியை உடம்புக்குள்ளயே சேத்து வெச்சுக்கற ஜாதி. வம்சம் பாத்தா நம்ம எருக்கு வம்சம்."

"எருக்கா? அப்போ பிள்ளையாருக்கு வேண்டப்பட்டதுன்னு சொல்லு."

முத்துசுவாமிக்கு இப்படி ஒரு மாணவி வகுப்பில் கிடைத்ததில்லை. உற்சாகமாகிவிட்டார். கொழிஞ்சாம்பாறைக்கு அப்பால் ஈஸ்வரமூர்த்திக் கவுண்டரின் பாறைக்காட்டில் இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அந்தப் பக்கத்து ஜனங்கள் இந்த மாதிரிச் செடிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கள்ளிமுளையான் என்பார்கள். ஆனால் இதன் பட்டையில் உள்ள பற்கள் புத்தகத்தில் சொன்னபடி இல்லை. வட்டவடைக்குக் கீழே சின்னாற்று முள்காட்டில் போய்த் தேடிப் பார்த்தார். காலில் முள்தான் கிடைத்தது, இது கிடைக்கவில்லை. அப்படியென்றால் இது இதுவரை யாரும் பெயர் வைக்காத செடியாக இருக்கலாம்.

"இருக்கலாமா? தீர்மானமாத் தெரியாதா?"

"பூத்தாத்தான் தெரியும். செடியோட ஜாதகம் பூவிலேயாக்கும் இருக்கு. இதழோட நிறம், உள்ளே இருக்கற ரோமம், எல்லாம் பாத்துத்தான் எந்த இனம்னு சொல்ல முடியும். பூத்து, புதுசுன்னு ஆயிடுத்துன்னா நான் ஒரு பேர் வெக்கணும். அந்தப் பேர் புஸ்தகத்துல ஏறிடுத்துன்னா பின்னே லோகம் உள்ளவரைக்கும் அழியாது."

சேஷம்மாளின் கை துடைப்பத்தோடு நின்றுவிட்டது. உள்ளே எங்கோ ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. "சீ, இந்த வயசில் என்ன கேடு" என்று அதை அதட்டி உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஆனால் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் மதிலுக்கு மேலே எட்டி, மொக்கு விட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அன்றே ஆரம்பித்தது.

அவள் அடக்கிய ஆசையைத் தெருவில் மற்ற யாரும் அடக்கவில்லை. அதிலும் முதல் ஆள் அவள் கணவரே.

"முத்து, கண்டுபிடிச்சவன் நீயாக்கும். உன் பேரையே வெச்சுக்கோயேன்" என்று பெருந்தன்மையாகத் தொடங்கினார் வெங்கிடேஸ்வரன்.

"தன் பேரைத் தானே வெச்சுக்கறது மரியாதை இல்லை மாமா. அது வழக்கமில்லை."

"பேஷ்! ரொம்ப நல்ல வழக்கம். அடுத்தாத்துக்காரன் பேரை வெக்கலாமோல்லியோ?"

கோயில் கமிட்டிச் செயலாளர் கமிட்டியின் பெயரையே வைக்கலாமே என்றார். காலேஜ் முதல்வர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தம் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு தடவை விளக்கினார். முத்துசுவாமிக்கு யாரிடமும் இல்லையென்று சொல்லத் தெரியாது. எல்லோரிடமும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் இன்னும் இரண்டு செடி எடுத்து வரலாம் என்று கொழிஞ்சாம்பாறைக்குப் போன முத்துசுவாமி, முகம் செத்துத் திரும்பிவந்தார். கூடவே ஈஸ்வரமூர்த்திக் கவுண்டரும் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். கையில் ஒரு பூசணிக்காய்.

"ஏனுங்க சாமி, நான் ஊட்டுல சொல்லி வெக்காமப் போனது தப்புங்க. மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருந்தாருங்க. எங்க ஊட்டுக்காரி கமலாத்தாள் பாறை மேல இருந்ததைப் பூராவும் பறிச்சுத் தொவையல் அரைச்சுப்போட்டாளுங்க."

"பூராவுமா?"

"மாப்பிள்ளைக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க" என்றார் கவுண்டர் பரிதாபமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தொட்டிச் செடிக்கு எங்கய்யன் செங்கோட்டையன் பேரை வெச்சீங்கன்னா, பாறையச் சுத்தி வேலி போட்டுக் குடுத்தர்றனுங்க" என்றார்.

ஆக, தொட்டியில் இருந்ததுதான் மிச்சம். சேஷம்மாள் எட்டிப் பார்ப்பது இன்னும் அதிகமாயிற்று.

எழுபத்து நாலாம் வருஷத்துத் தேர்த் திருவிழா நெருங்கியபோது தண்டின் நுனியில் உருண்டையாக மொக்குக்கூட்டம் தெரிந்தது. முதலில் பார்த்தவள் சேஷம்மாள்தான். அவள் போட்ட சத்தத்தில் முத்துசுவாமி முகச்சவர நுரையோடு ஓடிவந்தார். கோயம்புத்தூரில் இந்தச் செடிகளையே கரைத்துக் குடித்த ஒரு தாவரவியல் டாக்டர் இருந்தார். அவருக்குத் தந்தி போயிற்று. தேர் முடிந்த மறுநாள்தான் வர முடியும், பூவைச் செடியிலேயே வைத்திரு, பறித்தால் நிறம் போய்விடும், அசைத்தால் உதிர்ந்துவிடும் என்று பதில் வந்தது.

தேர் நாளன்று காலையில் பூ விரிந்தது.

அழகான பூதான். கருஞ்சிவப்பில் சின்னச் சின்ன நட்சத்திரங்களை ஒரு பந்தாகக் கட்டியது போல இருந்தது. பெயர் கேட்டவர்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். முதலில் குனிந்த கமிட்டிச் செயலாளர் குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். அங்கவஸ்திரம் மூக்குக்குப் போயிற்று.

"எந்தடா இது! எதோ செத்துக் கிடக்கு!"

"செத்தது ஒண்ணுமில்லை. பூவோட வாசனையாக்கும்" என்றார் முத்துசுவாமி. "தேனீ இதுகிட்ட வராது. ஈதான் வந்து மகரந்தம் சேக்கும். அதை வரவழைக்கத்தான் அழுகின மாமிச வாசனை."

ஈக்கும் ஒரு நந்தவனம் வேண்டும் என்று நினைத்த பகவானின் கருணையை அங்கே யாரும் மெச்சவில்லை. கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"கமிட்டியோட பேர் பெரிய பேராக்கும். அதைப் போய்ச் செடிக்கு வெக்கறது சரியில்லை" என்றார் செயலாளர்.

தேர் பார்க்க வந்திருந்த கவுண்டர், "எங்கய்யன் காலம்பூரா வெத்தலை வாசமா இருந்த மனுசனுங்க. வேண்டாமுங்க" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெங்கிடேஸ்வரன் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அதோடு விடவில்லை. சாயங்காலம் ஸ்வாமி தேரில் இந்த வழியாக வருகிறார், அதற்கு முன் தொட்டியை ஆற்றில் போட்டாக வேண்டும் என்று செயலாளர் உத்தரவு போட்டார். வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்த முத்துசுவாமியின் மனைவி ஞானமும், "அதோ, அந்தப் பக்கமாக்கும் புழை" என்று வழி காட்டினாள்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்த முத்துசுவாமி மதிலோரம் நின்றுவிட்டார். கண்ணாடிக்குள் கண்கள் நனைந்திருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

"அதை இப்படிக் கொடு. மெதுவா. அசைக்காதே" என்றாள் சேஷம்மாள்.

"மாமி, உங்காத்துலயா? நாத்தம் தாங்காதே!"

"விறகுப்புரையில வெச்சுக்கறேன். பேர் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜீவனைக் கொண்டுபோய் வெள்ளத்துல போடுவாளோ? போ, போய் மூஞ்சியை அலம்பிக்கோ."

தொட்டி போய்விட்டது என்று செயலாளருக்குச் சேதி சொல்லப்பட்டது. அவர் திருப்தியோடு தெருவில் இறங்கி, மூச்சை நன்றாக இழுத்தார். முகம் கோணிற்று. காற்று இப்போது சேஷம்மாள் வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

"முத்து! உள்ளதைச் சொல்லு. எங்கேடா வெச்சிருக்கே?"

முத்துசுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். தெருவே நின்று பார்த்தது. அப்போது சேஷம்மாள் தன் வாசல்படியில் வந்து நின்றாள். அத்தனை வருஷம் துடைத்துத் துடைத்துச் சம்பாதித்த நல்ல பெயரைக் கையில் எடுத்து, ஒரே வீச்சில் தெருவில் போட்டாள்.

"அவனை ஏன் அதட்டறேள்? நாத்தம் எங்காத்துலேர்ந்தாக்கும். எலி செத்திருக்கு."

சேஷம்மாள் வீட்டில் எலி! எதிர்வீட்டு அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். செயலாளர்கூட மூக்கிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டு, "போட்டும் மாமி, எல்லா ஆத்துலயும் உள்ளதுதான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

பொய் பொய்தான். அதை மெய்யென்று சாதிக்க முடியாது. ஆனால் தன் மானத்தை விற்று அடுத்தவனின் செடியை வாங்கிய பொய்யை விசுவநாத ஸ்வாமி எந்தக் கணக்கில் வைப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் வேறு சங்கடம் காத்திருந்தது. வெங்கிடேஸ்வரன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"எலியா? நம்மாத்துலயா? தெருவே சிரிக்கறது! இதோ பார், அதைக் கண்டுபிடிக்காம நான் தேர் பாக்கப் போறதில்லை."

"வேண்டாம், நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியறதே!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினார். தலைக்கு மேலே உருளியும் குடமும் உருண்டன. "இங்கே இல்லை!" என்று ஒரு குரல் வரும், பிறகு தும்மல், பிறகு மறுபடியும் உருட்டல். சேஷம்மாள் ஏணியைப் பிடித்தபடி பிள்ளையாரை வேண்டிக்கொண்டு நின்றாள். எலி கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதா, கிடைக்கக் கூடாது என்று வேண்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

திடீரென்று சத்தம் நின்றது.

வெகுநேரம் கழித்து வெங்கிடேஸ்வரன் இறங்கி வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. கையில் மரத்தால் செய்த ஒரு நடைவண்டி. கல்யாணமான புதிதில் பழனிக்குப் போனபோது, பிள்ளை வருவதற்கு முன்பே சேஷம்மாள் ஆசைப்பட்டு வாங்கியது. சிவப்பும் பச்சையும் அடித்த சாயம் கொஞ்சம்கூடத் தேயவில்லை. மேலே சுற்றிய துணி மட்டும் புதிதாகத் துவைத்ததாக இருந்தது.

"இதை வருஷா வருஷம் துடைக்கறயா?"

"எல்லாத்தையும் துடைக்கற மாதிரிதான்" என்றாள் சேஷம்மாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. பிறகு, "எலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. முத்துவோட பூவாக்கும். விறகுப்புரையில வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெங்கிடேஸ்வரன் கோபிக்கவில்லை. நடைவண்டியைக் கீழே வைத்து விரலால் ஒரு தள்ளு தள்ளினார். கடகடவென்று அழகாக ஓடியது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு விறகுப்புரைக்குப் போனார். அன்று தேர் தெருவைத் தாண்டும்வரை விறகுப்புரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், "உள்ளே வரண்டாம், எலி. பெரிய எலி" என்று கையை விரித்து அளவு காட்டி அனுப்பினார். பூ ஒன்றுகூட உதிரவில்லை.

மறுநாள் கோயம்புத்தூர் டாக்டர் வந்தார். பூவின் மேல் மூக்கை வைத்து, மல்லிகையை முகர்வது போல ஆழமாக இழுத்து, கண்ணை மூடி, "ஆஹா!" என்றார். ஞானம் தலையில் அடித்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியை வைத்து இதழையும் ரோமத்தையும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தனி இனம் என்று சொல்ல முடியாது, தெரிந்த இனத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு வகை என்று தீர்ப்புச் சொன்னார்.

"வகைக்குப் பேர் உண்டோ?" என்று கேட்டார் வெங்கிடேஸ்வரன்.

"உண்டு. யார் பேரை வைக்கப்போகிறீர்கள்?"

முத்துசுவாமி திருதிருவென்று விழித்தார். நாற்றத்தோடு ஒட்டிக்கொள்ள இனி யார் வருவார்கள்? வெங்கிடேஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னே வந்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரே என்று ஞானம் முணுமுணுத்தாள்.

"முத்து, எனக்கு நீ பாக்கலாம்னு வாக்குக் கொடுத்தயோல்லியோ? அந்த வாக்கை இவளுக்குக் கொடு. சேஷம்மாள்னு வை."

"ஐயோ, நேக்கெதுக்கு?" என்று சேஷம்மாள் கதவுக்குப் பின்னால் மறைந்தாள்.

முத்துசுவாமி நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார். "மாமி, நேக்குத் தோணவே இல்லையே! நான் ஒரு மண்டு!"

"நாத்தம் பிடிச்சதாக்கும், யோசிச்சுக்கோங்கோ மாமி" என்றாள் ஞானம்.

கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது: "பெத்தவாளுக்கு நாறுமோ?"

லத்தீன் வாலோடு அந்தப் பெயர் புத்தகத்தில் ஏறியது. அந்த வாலை உச்சரிக்க வெங்கிடேஸ்வரனுக்கு ஒரு மாசம் ஆயிற்று. உச்சரிக்கக் கற்றபின் நிறுத்த இன்னொரு மாசம். தண்டுகளை ஒடித்து நட்டுப் பாறைக்காட்டுக்கும் திருப்பி அனுப்பினார் முத்துசுவாமி. தம் அய்யன் பேர் ஏறாவிட்டாலும் கவுண்டர் சொன்ன சொல் தவறாமல் வேலி போட்டார்.

அடுத்த வருஷம் தேருக்கு வந்த கவுண்டர் சேஷம்மாள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அம்மணி, உங்க பேரு இந்த வருசம் அமோகமாப் பூத்திருக்குதுங்க. மாப்பிள்ளை வந்தாக்கூட அதைய தொடக்கூடாதுன்னு கமலாத்தாள்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டனுங்க. காத்தடிச்சா ஆடுகூடக் கிட்டப் போறதில்லீங்க."

"அவ சுபாவம் அப்படியாக்கும்" என்றார் வெங்கிடேஸ்வரன், காலைத் தூக்கிக்கொண்டே. "ஆத்தைத் துடைக்கறபோது யாரும் கிட்டப் போக முடியாது."

சேஷம்மாள் துணியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"மழை ஜாஸ்தியோ அங்கே? தண்ணி அதுக்கு ஆகாது, கேட்டேளா. இளைச்சிருக்கோ? ஈயெல்லாம் ஒழுங்கா வரதோ?"

"வருதுங்க அம்மணி, கூட்டங்கூட்டமா வருதுங்க" என்றார் கவுண்டர்.

சேஷம்மாளுக்கு அப்போதுதான் நிம்மதியாயிற்று. "காப்பி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.