கட்டிலுக்கடியில் நான்கு பாட்டரிகள்

பாட்டரிப் பட்டறையில் அன்று சாயங்காலம் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, பட்டறையை நடத்தும் அம்மாள். வாசலில் நின்ற வேனையும் சேர்த்துக்கொள்ளலாம். பேச்சு முழுக்க அதன் வயிற்றைப் பற்றித்தான்.

ஓய்வுபெற்ற கையோடு டிரைவர் வாங்கிய வேன் அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு மூலையில் கழிப்பறை. மழைக்காலம் முடிந்ததும் இருவரும் கிளம்பி, போகிற இடமெல்லாம் அதிலேயே தங்குவதாகத் திட்டம். விளக்குக்கும் மின்விசிறிக்கும் கரண்ட் கொடுக்கும் பாட்டரிகளைக் கட்டிலுக்கடியில் உள்ள பெட்டியில்தான் வைக்க முடியும். கட்டிலில் ஜன்னலோரம் டிரைவருக்கு. உள்பக்கம், பெட்டிக்கு நேர் மேலே, அவர் மனைவிக்கு.

"ரெண்டு வகை இருக்குண்ணே," என்றாள் பட்டறைக்கார அம்மாள். "மூடியைத் திறந்து தண்ணி ஊத்துறது ஒண்ணு. சீல் பண்ணினது இன்னொண்ணு. படுக்கைக்கு அடியில வைக்கிறதா இருந்தா நான் சீல் பாட்டரிதான் சொல்வேன்."

"அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எப்படிப் பாக்கிறது?"

"பாக்கவே வேணாம். அதுக்குத்தானே சீல்."

"வாயைத் திறக்காதவங்களை நான் நம்பறதில்ல."

"அப்படின்னா எங்க அக்காவை உசுரா நம்பணும் மாமா நீங்க," என்றான் தம்பி.

அக்கா தம்பியை முறைத்தாள். டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பட்டறைக்கார அம்மாள் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய பாட்டரியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். அதன் மேல்பக்கம் பிளந்து, ஓரங்கள் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன.

"சார்ஜ் ஏறும்போது தண்ணி பாட்டரியிலேர்ந்து வாயு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூடின இடத்துல சேர்ந்துச்சுன்னா ஒரு பொறி போதும். சுவிட்ச் தட்டுற பொறியே போதும். பாட்டரி கெட்டுப்போய்க் கொதிச்சாத்தான் அழுகின முட்டை நாத்தம் வரும். அது வந்தா எதையும் தொடக்கூடாது. இறங்கி வெளிய போயிடணும்."

"நாத்தம்தானே? என் மூக்கு போதும்மா. சர்வீஸ் பூரா பஸ்ஸை மூக்காலதான் ஓட்டினேன். பிரேக் கருகினா வண்டியில இருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால எனக்குத் தெரியும்."

அவர் மனைவியின் கண் அந்தப் பிளவை விட்டு நகரவில்லை. அதன் மேல் ஒருத்தி படுத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். யோசித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

"என்னங்க, சீல் போட்டதையே வாங்கிடலாமே."

"உனக்கு பாட்டரியைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் அவர்.

தண்ணீர் பாட்டரிகள் நான்கும் வேனில் ஏறின. தம்பி பெட்டிக்கு இறுக்கமான மூடி போட்டு, அதிலிருந்து ஒரு குழாயைப் பக்கச் சுவர் வழியாக வெளியே விட்டான். பட்டறைக்கார அம்மாள் குழாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுதான் உசுரு. இதை மட்டும் அடைச்சிடாதீங்க."

அதன்பிறகு வேனுக்குள் ஏறும்போதெல்லாம் டிரைவரின் மனைவி கட்டிலைச் சுற்றிப் போனாள். உட்காரச் சொன்னால் நின்றாள். டிரைவர் அதைக் கேலி செய்தார். பாட்டரி என்ன, நாயா, கடிக்க?

மழை விடுகிற பாடாக இல்லை. வேன் வீட்டுக்கு முன்னால் நின்றது. பாட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற, வீட்டு வாசற்கதவை ஒட்டியிருந்த பிளக்கிலிருந்து அதற்கு ஒயர் போனது. மத்தியானத் தூக்கத்தை டிரைவர் வேனுக்கு மாற்றிக்கொண்டார், பழக வேண்டுமாம்.

துவைத்த தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு அவள் போனபோது அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவைத் திறந்த உடனே நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகின முட்டை. வேறெதுவும் இல்லை, அதேதான்.

அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி நின்றாள். கேஸ் கசிந்தால் கத்துவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த அலாரத்தின் மூடி தொங்கியது. அதன் செல்கள் மேசை மேல் உருண்டு கிடந்தன.

"காலையிலேர்ந்து ஒரே கத்தல்," என்றார் அவர். "அடுப்பே பத்த வைக்கல, அது எதுக்குக் கத்துது? கெட்டுப்போச்சு போல. கழட்டிப் போட்டுட்டேன். அந்தக் குழாய் வேற, காத்தடிச்சா விசில் ஊதுது. துணியை வெச்சு அடைச்சேன். இப்பப் பாரு, எவ்வளவு அமைதி."

"உள்ள ஏதாவது நாத்தம் வருதா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். நிதானமாக, இரண்டாவது முறையும் உறிஞ்சினார்.

"மழை வாசனைதான். நல்லாத்தானே இருக்கு."

போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்து கரியானது அவள் நினைவுக்கு வந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் சுவாரசியம் என்று அன்று நினைத்தாள்.



"டீ போடட்டுமா?" என்றார் அவர். அடுப்பு லைட்டர் கையில் இருந்தது.

கத்த வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொன்னால் செய்து காட்டுகிற மனுஷன். பயப்படாதே, இதோ பார் என்று தட்டுவார்.

"டீ வீட்டுலயே போட்டாச்சு. உங்க பழைய கண்டக்டர் வந்திருக்கார். ஹால்ல உட்கார வெச்சிருக்கேன்."

"அவனா? இந்த மழையிலயா?"

"ஏதோ கல்யாணப் பத்திரிகை போல. சீக்கிரம் வாங்க, கிளம்பணும்ங்கிறார்."

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, விளக்கை அணைக்கச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"எரியட்டும்," என்றாள் அவள். யார் குரலோ போல இருந்தது.

"கரண்ட் வீணாப் போகுதேம்மா."

"உறை மாட்டணும். உள்ள இருட்டா இருக்கு. நான் அணைச்சிட்டு வர்றேன். நீங்க வாங்க."

கை ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு இறங்கியது. அவர் படியில் கால் வைத்து இறங்கும்வரை அவள் அந்தக் கையையே பார்த்திருந்தாள். வேன் கதவை அகலத் திறந்து போட்டாள். வாசலை எட்டியதும் பிளக்கைப் பிடுங்கினாள். அவர் அதைக் கவனிக்காமல், லைட்டரும் கையுமாகவே வீட்டுக்குள் நுழைந்தார்.

ஹாலில் நாற்காலிகள் காலியாக இருந்தன.

"எங்கம்மா அவன்?"

"யாரும் வரலை."

அவர் திரும்பினார்.

"உள்ள அழுகின முட்டை நாத்தம்," என்றாள். "குடலைப் புரட்டுது. உங்களுக்கு வரலை."

"ஒரு மண்ணும் இல்லை. வா, ஏறி லைட்டரைத் தட்டிக் காட்டுறேன். அப்பவாவது பயம் போகட்டும்."

"எப்பலேர்ந்து மூக்கு போச்சு?"

அவர் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார். 

"போன வருஷம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே," என்றார். "அதுலேர்ந்து. வந்துடும்னு நெனச்சேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதற்கு நேரமும் இல்லை. குழாயின் வெளி நுனியிலிருந்து துணியை உருவ வேண்டும். பட்டறைக்குப் போன் செய்ய வேண்டும். இந்த மனுஷன் தன்னை நிரூபிக்க மறுபடி அங்கே போய்விடக் கூடாது.

"நாளைக்கு சீல் பாட்டரி மாத்துறோம். அந்தம்மா வந்து பாக்குற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க."

"இரு, நானும் வர்றேன். என் வண்டிதானே—"

அவர் இரண்டடி எடுத்து வைத்தார். அவள் வெளியே வந்து, வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.